கைரேகை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

(ஸ்ரீரங்கத்தில் நடந்த ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளின் கூட்டத்தில், முன்னாள் ஊக்குநரும் சட்ட உதவித் தன்னார்வலருமான சகோதரி ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களும் படிக்க வேண்டும் என்பதால், பேசியபடியே சற்றுச் சுருக்கித் தருகிறோம்.)



நோட்டீஸில் ‘தகவல் பாதுகாப்புச் சட்டமும் செயற்கை நுண்ணறிவும்’ என்று போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் பாதிப் பேர், “நமக்கு என்ன புரியப் போவுது, சாப்பாட்டு நேரத்துக்குப் போனா போதும்”னு நினைச்சிருப்பீங்க. உங்க இடத்துல நான் உட்கார்ந்திருந்தா நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். அதனால தலைப்பை மறந்துடுங்க. ஒரு கணக்கு கேட்கிறேன், அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

போன தைப் பொங்கலில் இருந்து இன்றைக்கு வரை உங்கள் ஆதார் நகலை எத்தனை இடத்தில் கொடுத்திருப்பீர்கள்? வங்கிக் கடனுக்குக் கொடுத்தோம். புது சிம்முக்குக் கொடுத்தோம். கேஸ் இணைப்புக்கு, பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு, வீடு தேடி வரும் நுண்கடன் கம்பெனிக்கு. ஐந்தா, பத்தா? சரி, ஜெராக்ஸ் கடையில் ஒரு காப்பி கறுப்பாக வந்துவிட்டது, வேறு போடச் சொன்னோமே, அந்தக் கறுப்புக் காப்பி எங்கே போச்சு? ஒரு நாள் பூ மார்க்கெட் பக்கத்தில் வடை வாங்கினேன். மடித்துக் கொடுத்த காகிதம் யாரோ ஒரு அம்மாவின் விண்ணப்பம். பேர், ஊர், புருஷன் பேர், செல் நம்பர், போட்டோ, கீழே கைரேகை, அது மேல எண்ணெய்.

இன்னொரு சம்பவம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன்.

எங்கள் குழுவில் பூ கட்டி விற்கும் தங்கச்சி ஒருத்தி இருந்தாள். ஊர் பேரும் வேண்டாம், பிள்ளை பேரும் வேண்டாம். மாமியாருக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்துவிட்டது. உள்கடன் கேட்கலாம் என்றால் குழுக் கூட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. செல்போனில் ‘ஐந்தே நிமிடத்தில் கடன்’ என்று ஒரு செயலி. ஐயாயிரம் கேட்டாள், பிடித்தம் போக மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. ஏழு நாளில் முழுசாகக் கட்ட வேண்டுமாம். எட்டாம் நாள் காலையில் எங்கள் குழுவில் எல்லாருக்கும் போன் வருது. “இவ ஏமாத்துக்காரி, நீங்கதான் ஜாமீன், பணத்தைக் கட்டுங்க.” அவள் அண்ணனுக்குப் போன், பிள்ளையின் டீச்சருக்குப் போன், அவள் பூ போடும் கடைக்காரருக்குப் போன். அவள் போட்டோவை என்ன செய்து அனுப்பினார்கள் என்பதை இங்கே நான் சொல்லப் போவதில்லை.

அடுத்த கூட்டத்தில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டோம்: “எங்க நம்பரை எல்லாம் எதுக்குடி அவனுங்ககிட்ட கொடுத்தே?” அவள், “சத்தியமா நான் கொடுக்கலக்கா”னு அழுதாள். நாங்க சொன்னதும் நிஜம், அவள் சொன்னதும் நிஜம். செயலியை இறக்கும்போது ‘அனுமதி கொடுக்கலாமா’ என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்தது, அதைக் கட்டைவிரலால் ஒரு தட்டுத் தட்டினாள். அந்த ஒரு தட்டில் போனில் இருந்த அத்தனை நம்பரும் போயிருக்கின்றன. கொடுத்தது அவள்தான், கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ஆறு வருஷம் ஒரு வாரம் கூடச் சேமிப்பு தவறாத பெண், மறு மாசத்தில் இருந்து கூட்டத்துக்கு வரவில்லை. அன்றைக்கு நான்தான் ஊக்குநர். அவள் பக்கம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது அவள் ஒருத்தியோடு முடிந்த கதை இல்லை. ஊரடங்குக் காலத்தில் இப்படிப்பட்ட செயலிகள் நாடு முழுக்கப் பரவின. 2021 ஜனவரியில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீசார் பெங்களூர் வரை போய், சீன நாட்டுக்காரர்கள் இரண்டு பேர் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள். அப்புறம் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு நெறிமுறை போட்டது. கடன் கொடுக்கும் செயலி நம் போனில் உள்ள தொடர்பு எண்களையும், போட்டோக்களையும், யாரோடு பேசினோம் என்ற விவரத்தையும் தொடக் கூடாது. கூகுளும் தன் பிளே ஸ்டோரில் இருக்கும் கடன் செயலிகளுக்கு 2023 மே 31 முதல் இதையே விதியாக வைத்தது. அங்கே இல்லாமல் லிங்க் அனுப்பி ஏற்றச் சொல்கிறவனைக் கூகுளின் இந்த விதி கட்டுப்படுத்தாது. அதையும் சொல்லிடறேன்.

சட்டம் என்ன சொல்லுது?

2012-ல் புட்டசாமி என்று ஒரு ஓய்வு பெற்ற நீதிபதி, கர்நாடகாக்காரர், எண்பது வயதைத் தாண்டியவர், ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில், ஒருவருடைய அந்தரங்கம் அவருடைய அடிப்படை உரிமை என்றார்கள். பணக்காரருக்கு மட்டும், படித்தவருக்கு மட்டும் என்று சொல்லவில்லை. அதற்கு அப்புறமும் ஆறு வருஷம் இழுத்து, டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023 ஆகஸ்ட் 11-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. மொத்தம் 44 பிரிவுகள். விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆகிவிட்டது. கம்பெனிகள் தங்களைச் சரி செய்துகொள்ள விதிகளில் பதினெட்டு மாசம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் முக்கியமான கடமைகள் எல்லாம் அமலுக்கு வருவது 2027 மே மாதம்.

இந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி ஒன்று. நம் நாட்டுச் சட்டங்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘அவன்’ என்றே எழுதுவார்கள், அது பெண்ணையும் குறிக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தில் முழுக்க முழுக்க ‘அவள்’. ஆணாக இருந்தாலும் ‘அவள்’தான்! நாம இத்தனை வருஷம் ‘அவன்’ல அடங்கி இருந்தோம், இனி அவங்க கொஞ்ச நாள் ‘அவள்’ல அடங்கி இருக்கட்டும். (சிரிப்பு)

சட்டத்தின் உயிர் சம்மதத்தில்தான் இருக்கிறது. உங்கள் தகவலை வாங்குகிறவன் எதற்கு வாங்குகிறான் என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். சம்மதத்தை மிரட்டி வாங்கக் கூடாது. ஒன்றுக்கு வாங்கிவிட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்தக் கூடாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதுவும் கொடுத்தது எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். சட்டத்திலேயே ஒரு உதாரணம் எழுதியிருக்கிறார்கள். ஒருத்தி போனில் டாக்டரைப் பார்க்கும் செயலியை இறக்குகிறாள். வைத்தியத்துக்குத் தேவையான விவரத்தோடு சேர்த்து, அவள் போனில் இருக்கும் தொடர்பு எண்களையும் அது கேட்கிறது. இரண்டுக்கும் ‘சரி’ என்று தட்டிவிடுகிறாள். வைத்தியத்துக்கு எதற்கு அத்தை நம்பரும் நாத்தனார் நம்பரும்? ஆகவே அவள் சம்மதம் வைத்தியத்துக்கு மட்டும்தான் செல்லும், மற்றதுக்குச் செல்லாது என்கிறது சட்டம். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பூக்காரத் தங்கச்சி ஞாபகம்தான் வந்தது. அன்றைக்கு இந்தச் சட்டம் இருந்து, எனக்கும் இது தெரிந்திருந்தால், கூட்டத்தில் நான் பேசியிருப்பேன்.

அடுத்து, சம்மதம் கேட்கும் வாசகத்தை எளிய நடையில் கொடுக்க வேண்டும், கேட்டால் தமிழிலேயே கொடுக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிக்கும் இந்த உரிமை உண்டு. கடனைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கியும் 2022-ல் நுண்கடனுக்குக் கொண்டுவந்த நெறிமுறையில், கடன் அட்டை கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் இருக்கணும்னு சொல்லியிருக்கு. அதே நெறிமுறையில், வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் இருக்கிறது. இது நம் தலைப்பு இல்லை, ஆனாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு, மறைக்க மாட்டேன். அரசாங்கம் மானியம், உதவித்தொகை, சான்றிதழ் கொடுப்பதற்காக நம் விவரத்தைப் பயன்படுத்த நம் சம்மதம் தேவையில்லை என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். ஆனால் அரசாங்கத்தில் இருந்தும் தகவல் வெளியே போகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 2017-ல் கிரிக்கெட் வீரர் தோனியின் ஆதார் விவரத்தை, ஆதார் பதிவு செய்யும் அரசு பொதுச் சேவை மையத்தின் ட்விட்டர் பக்கத்திலேயே பெருமையாகப் போட்டுவிட்டார்கள். அவர் மனைவி சாக்‌ஷி மத்திய அமைச்சரிடமே நேராகக் கேட்டார், பதிவு செய்த மையத்தைப் பத்து வருஷம் தடை செய்தார்கள். தோனி வீட்டம்மா கேட்டதும் நடந்துவிட்டது. நம்ம வீட்டு விவரம் போனால் யாரைக் கேட்பது? அதற்குத்தான் இந்தச் சட்டத்தில் தகவல் பாதுகாப்பு வாரியம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதலில் அந்தக் கம்பெனிக்கே புகார் எழுத வேண்டும். பதில் சொல்ல அவர்களுக்கு அதிகபட்சம் 90 நாள். பதில் வராவிட்டால், வந்தும் சரியில்லாவிட்டால், வாரியத்துக்கு இணையத்தில் புகார் கொடுக்கலாம்.

கோயில் சுவரும் கைப்பேசியும்

இவ்வளவும் நான் எப்படித் தெரிந்துகொண்டேன்? நான் படித்தது பத்தாம் வகுப்பு. நாவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமே இருக்கிறது. திண்டுக்கல் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது வாசலைப் பார்த்திருக்கிறேன், உள்ளே போனதில்லை.

நம்ம ரெங்கநாதர் கோயில் சுவரில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் காலத்தில் இருந்து, யார் எந்த நிலத்தை எழுதி வைத்தார், விளக்கெரிக்க யார் என்ன கொடுத்தார் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். நிறையத் தமிழில்தான் இருக்கின்றன. பிரகாரம் சுற்றும்போது அதில் சாய்ந்துகூட நிற்கிறோம். நம்மில் ஒருத்தருக்காவது படிக்க வருதா? எழுத்து மாறிப் போச்சு, படித்துச் சொல்ல ஆள் வேண்டும். நுண்கடன் பாரமும் அதே மாதிரிதான். தமிழிலேயே அடித்துக் கொடுத்தாலும், “குழும நிறுவனங்களுடன் பகிர்ந்துகொள்ள இதன்வழி இசைவளிக்கிறேன்” என்று இருந்தால் யாருக்குப் புரியும்? படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அந்த வேலைக்குத்தான் இப்போது ‘ஏஐ’ என்று ஒன்று வந்திருக்கிறது. தமிழில் செயற்கை நுண்ணறிவு. சாட்ஜிபிடி, ஜெமினி என்று பிள்ளைகள் வைத்திருப்பார்கள். உங்கள் வாட்ஸ்அப்பிலேயே ஒரு நீல வட்டம் வந்து உட்கார்ந்திருக்கும் பாருங்கள், அதுவும் அந்த ஜாதிதான். நம் உச்ச நீதிமன்றமே 2019-ல் இருந்து தீர்ப்புகளை மொழிபெயர்க்க இந்த வகைக் கருவி ஒன்றைப் பயன்படுத்துகிறது. 2022-ல் மத்திய அரசு பாஷிணி என்று ஆரம்பித்தது. 2023-ல், சென்னை ஐஐடியில் இருக்கும் ஏஐ4பாரத் ஆட்களும் சேர்ந்து செய்த ‘ஜுகல்பந்தி’ என்ற வாட்ஸ்அப் கருவியை, ஹரியானாவில் ஒரு கிராமத்து மக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். பேசிக் கேட்டால், அரசாங்கத் திட்டங்களைப் பற்றி அவர்கள் பாஷையிலேயே பேசிப் பதில் சொன்னது. ஆக, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இதில் வழி இருக்கிறது. மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் போதும்.

போன வருஷம் ஒரு கம்பெனியின் பாரம் என் கைக்கு வந்தது. எட்டுப் பக்கம், எறும்பு எழுத்து, இங்கிலீஷ். பேர், நம்பர், கையெழுத்து இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்தேன். மறைத்த பிறகுதான் போட்டோ எடுத்தேன். அதை ஏஐயிடம் கொடுத்து, வாய் வழியாகவே கேட்டேன்: “நான் கிராமத்துல குழுவுல இருக்கிறவ. இந்தக் காகிதத்துல என்கிட்ட இருந்து என்னென்ன விவரம் வாங்கறாங்க, யார் யாருக்குக் கொடுப்பாங்க, வேணாம்னு சொல்ல முடியுமா, எளிய தமிழ்ல சொல்லு.” அரை நிமிஷம் கூட ஆகவில்லை. ஐந்தாம் பக்கத்தில், என் விவரத்தைக் ‘கூட்டாளி நிறுவனங்களுக்கு விளம்பரத்துக்காக’க் கொடுக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறதாம், எடுத்துச் சொன்னது. இரண்டு கடன் கட்டி முடித்த கம்பெனி அது, அந்த வரியை நான் அதுவரை கண்டதே இல்லை. இன்சூரன்ஸ், தங்கநகைக் கடன், கூந்தல் தைலம் என்று எங்கிருந்து போன் வருதுன்னு அன்னைக்குத்தான் புரிந்தது. வசூலுக்கு வந்த தம்பியிடம் அந்த வரியைக் காட்டி, “இதுக்கு நான் சம்மதிக்கல, எழுதிக் கொடுக்கவா?” என்றேன். அந்தப் பிள்ளை பாவம், அவனுக்கும் அப்படி ஒரு வரி இருப்பது தெரியாது.

ஆனால் இது தப்பும் சொல்லும்

அதே ஏஐயிடம் இன்னொரு நாள், “என் விவரத்தை ஒரு கம்பெனி வெளியே விட்டுட்டா எனக்கு என்ன கிடைக்கும்?” என்று கேட்டேன். “250 கோடி ரூபாய் வரை இழப்பீடு கிடைக்கும்” என்று அழகான தமிழில், துளி சந்தேகம் இல்லாமல் சொன்னது. நானும் ரெண்டு கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டேன், எல்லாரும் கை தட்டினீர்கள். அப்புறம் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனபோது வக்கீலம்மா ஒருத்தர் சிரித்துவிட்டார். 250 கோடி வரை என்பது, தகவலைப் பாதுகாக்கத் தவறிய கம்பெனிக்கு வாரியம் போடும் அபராதம். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும், 34-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பாதிக்கப்பட்டவளுக்கு இந்தச் சட்டத்தில் ஒரு பைசா இழப்பீடு கிடையாது. இது சட்டத்தில் உள்ள பெரிய குறை என்று நான் நினைக்கிறேன். குறையோ நிறையோ, உள்ளதைத்தானே சொல்லணும்? நான் சொன்னது பொய். அந்த ரெண்டு கூட்டத்துக்கு வந்தவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

ஏன் இப்படிச் சொல்லுதுன்னு கேட்டுப் பார்த்தேன். எனக்குப் புரிந்த மாதிரி சொல்றேன். பூ கட்டுகிற கையைப் பாருங்கள். கண் எங்கேயோ பார்க்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், அடுத்த பூவைக் கை தானாக எடுத்து வைக்கும், பழக்கம். இந்த இயந்திரமும் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்த வார்த்தைக்கு அடுத்து எந்த வார்த்தை வரும் என்ற பழக்கத்தில் தொடுக்கிறது. சரம் பார்க்க அழகாக இருக்கும், நடுவில் ஒரு வாடின பூவும் சேர்ந்திருக்கும். வாங்குகிறவள்தான் சரத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். படித்தவர்களே ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நியூயார்க்கில், நடக்காத வழக்குகளை எல்லாம் சாட்ஜிபிடி நடந்ததாகச் சொல்ல, இரண்டு வக்கீல்கள் அதை நம்பி கோர்ட்டில் கொடுத்துவிட்டார்கள். 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் போட்டார்.

அதனால் இப்போதெல்லாம் ஏஐ ஒரு பதில் சொன்னால், “எந்தச் சட்டம், எத்தனையாவது பிரிவு, அந்தப் பிரிவில் உள்ள வாசகத்தை அப்படியே காட்டு” என்று கேட்கிறேன். அதையும் நம்பிவிடாமல், பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு போய் ஆளிடம் கேட்கிறேன். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, 1987-ம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. போன் 15100. பிரிவு எண்ணோடு போய்க் கேட்டால் வக்கீலும் நம்மை உட்கார வைத்துப் பேசுகிறார், அதையும் பார்த்திருக்கிறேன்.

நம்ம கையில் இருக்கிறது

இப்போது சொல்லப் போவதுதான் கொஞ்சம் கசக்கும். ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் கோபப்படக் கூடாது.

ஏஐ நம் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்லிவிட்டு மறந்துவிடாது. நாம் கொடுத்தது அந்தக் கம்பெனியின் கணினியில் போய்த் தங்கும், இயந்திரத்துக்குப் பயிற்சி கொடுக்கவும் எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று நிறுத்துவதற்கு அமைப்புகளில் வழி வைத்திருப்பார்கள், பிள்ளைகளை விட்டு அதைப் பார்க்கச் சொல்லுங்கள். சாம்சங் கம்பெனியில் என்ஜினியர்கள் கம்பெனி ரகசியத்தை சாட்ஜிபிடியில் போட்டு உதவி கேட்டுவிட்டார்கள். 2023 மே மாதத்தில் அந்தக் கம்பெனி தன் ஆட்கள் இதைத் தொடவே கூடாது என்று தடை போட்டது. செல்போன் செய்கிறவனுக்கே அந்தப் பயம். நாம என்ன பண்றோம்? “இந்த ஆதார்ல இருக்கிற பேரை இங்கிலீஷ்ல எழுதிக் கொடு”ன்னு கூட்டாளி ஆதாரையே போட்டோ பிடிச்சு அதுக்கு ஊட்டறோம். தகவல் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கப் போய், தகவலையே தூக்கிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

ஏஐயை விடுங்கள். நான் ஊக்குநராக இருந்தபோது என் போனில் குழு உறுப்பினர் எல்லோருடைய ஆதார், பாஸ்புக், குடும்ப அட்டை போட்டோவும் இருந்தன. கடன் மனுவுக்கு எடுத்தது, லோக்-ஓஎஸ் செயலியில் ஏற்ற எடுத்தது. சில படங்களை வாட்ஸ்அப் குரூப்பிலேயே போட்டிருக்கிறேன். அந்த குரூப்பில் இருந்தது நாற்பது பேர், பாதி முகம் எனக்கே தெரியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு நாள் அந்தப் போன் தொலைந்தது. நான் அழுதது போனுக்காக, தவணையில் வாங்கின போன் ஆச்சே! உள்ளே பன்னிரண்டு குடும்பம் இருந்தது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. உறுப்பினர்களிடம் சொல்லவும் இல்லை. அந்தத் தங்கச்சியை “எங்க நம்பரை எதுக்குக் கொடுத்தே”ன்னு கேட்ட அதே ஆள்தான் நான்.

இந்தச் சட்டப்படி, தகவல் வெளியே போய்விட்டால் அதை வைத்திருந்தவர் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும். பெரிய கம்பெனியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் எதற்காக, எப்படித் தகவலைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கிறவர் யாரானாலும் அவருக்குக் கடமை உண்டு என்றுதான் சட்டத்தின் வாசகம் இருக்கிறது. நம் கூட்டமைப்பும் அந்த வரிசையில் வரக்கூடும். வக்கீலம்மாவிடம் இதைக் கேட்டேன், “காகித ரிஜிஸ்டர் மட்டும்னா இந்தச் சட்டம் வராது, அதைக் கம்ப்யூட்டர்லயோ போன்லயோ ஏத்திட்டா வரும்” என்றார்.

நான் கேட்பது இவ்வளவுதான். கடன் மனு கொடுத்து முடிந்ததும் அந்தப் போட்டோவை அழித்துவிடுவோம். அழிக்கும்போது ‘குப்பை’ என்று ஒரு பெட்டி இருக்கும், அதிலும் போய் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் பல நாள் அங்கேயே கிடக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் இனி ஆதார் போடக் கூடாது. ஆதார் நகல் கேட்கும் இடத்தில் முதல் எட்டு எண் மறைத்த ஆதார் செல்லுமா என்று கேளுங்கள். ஆதார் இணையதளத்திலேயே அப்படி இறக்கலாம், சந்தேகத்துக்கு 1947. நகலின் மேலேயே ‘இன்ன வங்கிக் கடனுக்கு மட்டும்’ என்று தேதி போட்டு எழுதுங்கள், என் அனுபவத்தில் யாரும் ஆட்சேபித்ததில்லை. யாராவது கடன் செயலி என்று மிரட்டினால், பணம் போய்விட்டால், உடனே 1930. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கையெழுத்துக் கேட்டால், “தமிழ்ல கொடுங்க, இல்லாட்டி ஒரு நாள் டைம் கொடுங்க, படிச்சுட்டு வர்றோம்”னு சொல்லுங்க. அந்த ஒரு நாளில் ஏஐயிடம் கேட்கலாம், பிள்ளைகளிடம் கேட்கலாம், என்னிடம் வரலாம். ஒரு நாள் கூடத் தர மாட்டேன் என்கிறவனிடம் நான் கடன் வாங்க மாட்டேன்.

போன வாரம் அந்தப் பூக்காரத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அரளிச் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் சொன்னேன், என் போன் தொலைந்ததையும் சொன்னேன். காப்பி போட்டுக் கொடுத்தாள். குழுவுக்கு வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் அவள் பெயரை மறுபடி சேர்க்கத் தீர்மானம் கொண்டு வருகிறேன். எங்கள் குழுவினர் நாலு பேர் இங்கே உட்கார்ந்திருக்கீங்க, உங்களைப் பார்த்துத்தான் சொல்றேன்.

சாப்பாடு தயாராகிவிட்டதாகச் சொல்கிறார்கள். பந்தி போடப் பத்து நிமிஷம் ஆகும். அதுவரை எல்லோரும் போனை எடுத்து போட்டோ இருக்கும் இடத்தைத் திறங்கள். முதலில் ஊக்குநர்கள். கண்ணாடி கொண்டு வராதவங்க பக்கத்துல இருக்கிற பிள்ளைங்ககிட்ட கேளுங்க.